42-லிருந்து 17 போனால் 35-ஆ? தப்பு விடையை வைத்தே பாடத்தைத் திட்டமிடும் ஆசிரியர்கள்... விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் 'மதிப்பீடு' மாறிய கதை!

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் 'எந்த மாவட்டம் ஃபர்ஸ்ட்?' என்று கேட்டால், ரொம்ப வருஷமாகவே பலரின் வாயில் முதலில் வரும் பெயர் விருதுநகர். 2023-ல் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம். 2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.45 சதவீதத்தோடு சிவகங்கைக்கு அடுத்த இரண்டாம் இடம்.

இதே விருதுநகர் இன்னொரு பட்டியலிலும் இருக்கிறது. வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட மத்திய அரசு 2018-ல் தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டம். நாடு முழுக்க 112 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் இருந்து இரண்டே இரண்டுதான்: ராமநாதபுரம், விருதுநகர். சுகாதாரம், விவசாயம் ஆகியவற்றோடு கல்வியும் அந்தத் திட்டத்தின் அளவுகோல்களில் ஒன்று.

டாப் லிஸ்டிலும் இருக்கு, பின்தங்கிய லிஸ்டிலும் இருக்கு. எப்படி?

கல்வியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் தெளிவு. தேர்ச்சி சதவீதம் என்பது பரீட்சை எழுத உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கு மட்டுமே. நடுவில் படிப்பை விட்டுவிட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களில் பலர் தடுக்கி விழுந்தது பத்தாம் வகுப்பில் இல்லை, இரண்டாம் மூன்றாம் வகுப்பில். அங்கே பொதுத்தேர்வு கிடையாது. அந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்க ஒரே ஆள்தான் உண்டு: வகுப்பு ஆசிரியர். அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்ததும் அடுத்த நாள் பாடத்தை எப்படி மாற்றுகிறார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரே கணக்கு, மூன்று தப்பு

42-லிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 25. மூன்று பிள்ளைகள் தப்பாகப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை 35 என்கிறது. இரண்டாவது 59. மூன்றாவது 26.

மூன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை. 35 போட்ட பிள்ளை ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது: ஏழில் இரண்டு போக ஐந்து, நாலில் ஒன்று போக மூன்று. கடன் வாங்குவது ஏன் என்றே அதற்குப் புரியவில்லை. 59 போட்ட பிள்ளை கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டது. 26 போட்ட பிள்ளைக்கு எல்லாமே தெரியும், விரல் விட்டு எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது.

முதல் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு முழுப் பாடம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வார்த்தை போதும். மூன்றாவதற்கு இன்னும் நாலு கணக்கு கொடுத்தால் போதும்.

சரியான விடையும் ஏமாற்றும். ஒரு பிள்ளை நோட்டில் 42 கோடு போட்டு, அதில் 17 கோட்டை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணி 25 என்று எழுதியிருக்கும். டிக் வாங்கிவிடும். அடுத்த வருஷம் 402-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் அதனால் கோடு போட முடியாது. விடையை மட்டும் பார்த்த ஆசிரியருக்கு அது அப்போதுதான் தெரியும்.

இந்த மாதிரித் தப்புகள் கவனக்குறைவில் வருவதில்லை, பிள்ளை தனக்குள்ளே உருவாக்கி வைத்திருக்கும் ஒரு 'விதி'யிலிருந்து வருகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே எழுதினார்கள். 35 போட்ட பிள்ளைக்கு அதன் விதிப்படி விடை சரிதான்!

வளரறி, தொகுத்தறி... என்ன வித்தியாசம்?

ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி அடிபடும் இரண்டு சொற்கள் இவை. பருவம் முடிந்ததும் வைக்கும் தேர்வு தொகுத்தறி மதிப்பீடு. பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது வளரறி மதிப்பீடு. அறுவடை முடிந்து மூட்டையை எண்ணுவது ஒன்று, பயிர் நிற்கும்போதே இலை மஞ்சளாவதைப் பார்ப்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவினையை 1967-ல் முன்வைத்தவர் மைக்கேல் ஸ்கிரிவன். 1998-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் சுமார் 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வகுப்பறையில் அன்றாடம் நடக்கும் வளரறி மதிப்பீடு கற்றலை உயர்த்துகிறது, பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதலாகவே உதவுகிறது என்று சொன்னார்கள்.

நம்ம ஊர் சட்டத்திலும் இது இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பத் தேவைப்படும் கூடுதல் கற்பித்தலைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு கடமை. 'போர்ஷன் முடிச்சாச்சு' என்ற வரியோடு ஆசிரியரின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதுதான் இதன் அர்த்தம். இந்த வரியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

சிவகாசியில் இது எப்போது தொடங்கியது?

சட்டம் வருவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே இந்த வேலையை வேறு வழியில்லாமல் செய்தவர்கள் சிவகாசி வட்டாரத்தில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அரசுச் சம்பளம் வாங்கிய நிரந்தர ஆசிரியர்கள்கூட இல்லை.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்தது நாட்டுக்கே தெரிந்த வரலாறு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் சிவகாசியை உள்ளடக்கிய இந்த மாவட்டமும் ஒன்று. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையை அபாயகரமான வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அந்தக் குழந்தை படிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளை உட்கார வைக்கத்தான் 'சிறப்புப் பள்ளி'கள். பின்னாளில் சிறப்புப் பயிற்சி மையங்கள் என்று பெயர் மாறியது. 9 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள். மதிய உணவு, மாத உதவித்தொகை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. சுமார் இரண்டு வருஷத்துக்குள் அவர்களை வழக்கமான பள்ளியில், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். இதுதான் இலக்கு.

இப்போது அந்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் 'அ' எழுதத் தெரியாத பன்னிரண்டு வயசுப் பெண் இருப்பாள், மூன்றாம் வகுப்பில் நின்றுபோன பத்து வயசுப் பையன் இருப்பான், படித்ததை மறந்துபோன பதிமூன்று வயசுப் பிள்ளையும் இருக்கும். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் பெரிய பிள்ளைக்கு வெட்கம். ஆறாம் வகுப்புப் புத்தகம் கொடுத்தால் ஒன்றும் புரியாது. ஐந்து வருஷப் பாடத்தை இரண்டு வருஷத்துக்குள் அடக்க வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது, எதை முதலில் சொல்லித் தருவது? பாடத்திட்ட வடிவமைப்பு என்று இன்று பயிற்சிகளில் சொல்கிறார்களே, அதை இந்த மையங்களின் ஆசிரியர்கள் அந்தப் பெயர் தெரியாமலேயே செய்ய வேண்டியிருந்தது.

இந்தத் திட்டம் 2021 ஏப்ரலில் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது. தனி மையங்கள் போய்விட்டன. அந்த ஆசிரியர்கள் சேர்த்து வைத்த அனுபவத்தை யாராவது முறையாகத் தொகுத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

ஏணிப்படி, அட்டை, கம்பிப் பந்தல்

வழக்கமான அரசுப் பள்ளிகளில் மாற்றம் வந்தது செயல்வழிக் கற்றல் மூலமாக. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி முறையைப் பார்த்து, எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது அங்குள்ள சில பள்ளிகளில் தொடங்கியது. அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பிறகு, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது.

இப்போது இருபதுகளில் இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். சுவரில் ஏணிப்படி, தட்டில் படம் போட்ட அட்டைகள், தரையை ஒட்டிப் பிள்ளைகளே எழுதும் கரும்பலகை, தலைக்கு மேலே வரைந்த படங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். ஒரு அட்டையை முடித்தால்தான் அடுத்த அட்டை. மதிப்பீடும் ஏணியிலேயே ஒரு படி என்பதால் 'பரீட்சை' என்ற பயமே இல்லை. காய்ச்சல் வந்து பத்து நாள் லீவு போட்ட பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வேலைக்காக இடம் மாறும் குடும்பங்கள் அதிகம் உள்ள இடத்தில் இது சின்ன வசதி இல்லை.

குறையும் இருந்தது. ஏணியை வரைந்தது மேலே இருந்த குழு. பல பள்ளிகளில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராக மட்டும் ஆகிவிட்டார் என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. காகிதத்தில் அருமையான திட்டம். நடைமுறையில் அந்த 40 மதிப்பெண், வீட்டில் அப்பா அம்மா ஒட்டிக் கொடுத்த சார்ட்டுக்கும் மாடலுக்கும் போன கதைதான் அதிகம்.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்தன. கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்திய ஆய்வு, பெரிய கற்றல் இழப்பு ஏற்பட்டதையும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும் காட்டியது. மீண்டதில் கிட்டத்தட்ட கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களால் வந்தது.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் எண்ணும் எழுத்தும். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும்.

இதன் அடிப்படை எளிது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியமில்லை, எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். முதலில் அடிப்படைநிலை மதிப்பீடு. எழுத்து, எண் தொடக்கத்திலேயே இருந்தால் அரும்பு. அதைத் தாண்டி, வகுப்பு நிலையை இன்னும் எட்டாமல் இருந்தால் மொட்டு. வகுப்புக்குரிய நிலையில் இருந்தால் மலர். மூன்றுக்கும் தனித்தனிச் செயல்பாடுகள். ஒரு பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம், தப்பே இல்லை.

அரும்பா மொட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாடத்தை வாசிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் விரலை ஓட்டிக்கொண்டே கடகடவென்று ஒப்பிப்பார்கள். மனப்பாடம்! அனுபவமுள்ள ஆசிரியர்கள் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்பார்கள். விரல் மறுபடி முதல் வரிக்கு ஓடினால், பிள்ளை வாசிக்கவில்லை, பாடுகிறது. மதிப்பீடு முடிந்தது. அரை நிமிடம்.

வீட்டில் தெரிந்த கணக்கு, நோட்டில் தெரியாத கணக்கு

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது. தீப்பெட்டித் தொழிலில் 'குரோஸ்' என்ற அளவு சர்வ சாதாரணம். ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144. இத்தனை குரோஸுக்கு இவ்வளவு கூலி என்ற பேச்சைக் கேட்டே வளரும் பிள்ளைக்கு, வாய்க்கணக்கு தண்ணி பட்ட பாடு. அதே பிள்ளை நோட்டில் 12 பெருக்கல் 12 என்று பார்த்தால் திணறும்.

இது சிவகாசிக்கு மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்கள் வாடிக்கையாளரிடம் சரியாகப் போட்ட கணக்கை, தாளில் எழுதிக் கொடுத்தபோது தப்பாகப் போட்டதை 1985-ல் வெளியான ஆய்வு காட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ, புத்தகக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பது அதில் கூடுதல் செய்தி.

அப்படியென்றால் ஆசிரியரின் வேலை, வீட்டுக் கணக்கிலிருந்து நோட்டுக் கணக்குக்கு ஒரு பாலம் போடுவது. 42 கழித்தல் 17-க்கே திரும்புவோம். 'வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிய வேண்டும்' என்பது இலக்கு. தெரிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? விடையை மட்டும் வைத்து இல்லை, ஏன் கடன் வாங்கினாய் என்று பிள்ளை சொல்ல வேண்டும். இதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் செயல்பாட்டைத் தேட வேண்டும். கடைசியிலிருந்து முன்னோக்கித் திட்டமிடுவது.

மருந்து முக்காத வெறும் தீக்குச்சிகள் போதும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட நாலு கட்டு, உதிரியாக இரண்டு. இதிலிருந்து பதினேழு எடுக்கச் சொன்னால், 35 போட்ட பிள்ளை உதிரியில் ஏழு இல்லையே என்று நிற்கும். அந்த இடம்தான் பாடம். ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மிச்சமிருக்கும் மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. கட்டைப் பிரித்த கை, அடுத்த நாள் நோட்டில் கடன் வாங்கும்போது தடுமாறாது.

ஆசிரியர் கையேட்டில் எல்லா நாளுக்கும் செயல்பாடு இருக்கிறதே, பிறகு ஆசிரியர் எதை வடிவமைப்பது என்று கேட்கலாம். கையேடு மாநிலம் முழுக்க ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கு எதை இன்னொரு முறை செய்வது, எதைத் தாண்டிப் போவது என்பது அந்த அறையில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். கையேட்டை அப்படியே ஒப்பிக்கும் ஆசிரியருக்கும், மனப்பாடமாக வாசிக்கும் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

செல்போனில் ஏறும் மதிப்பீடு

ஆசிரியர்களின் பெரிய புகார் இதுதான். மதிப்பீட்டு விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகளில், ஒருவர் போனோடு உட்கார்ந்தால் அன்றைக்கு வகுப்பு அம்போதான். எமிஸ் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் தொடர்ந்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

மதிப்பீடு யாருக்காக என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. ஆசிரியருக்காக என்றால் ஒரு பழைய நோட்டில் கிறுக்கி வைத்தாலும் போதும். மேலே இருப்பவர்கள் பார்ப்பதற்கு என்றால் செயலி வேண்டும். ஆனால் கணக்குக் காட்டத் தொடங்கிவிட்டால், அரும்பைக் கொஞ்சம் தள்ளி மொட்டாகக் காட்டும் ஆசையும் கூடவே வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை மறுபடி காணாமல் போகிறது.

இதற்கிடையில், ஐந்தாம் வகுப்பைத் தாண்டியும் அடிப்படை தெரியாமல் வந்துவிட்டவர்களுக்காக 2025-26-ல் 6 முதல் 9-ம் வகுப்பு வரை 'திறன்' திட்டம் வந்திருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும். அறிவியலும் வரலாறும் நடத்தப் பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வித்தை தெரிந்தவர் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில்தான் இருக்கிறார்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

'என் பிள்ளை எத்தனை மார்க்?' என்பதற்குப் பதிலாக 'தமிழில் அரும்பா, மொட்டா, மலரா? போன மாதம் எங்கே இருந்தது?' என்று கேட்கலாம். கணக்கு நோட்டில் பெருக்கல் குறி மட்டும் இருந்தால், 'எங்கே தப்பியது?' என்று கேட்கலாம். இதையெல்லாம் கேட்கப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணியை ஒட்டி நடக்கிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் அம்மாக்கள் அந்த நேரத்தில் பட்டாசு ஆலையில் இருப்பார்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். கூட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் வருவார்களா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.